பரீட்சை நடுவில் தீ மணி அடித்தால் என்ன நடக்கும்?

காலை 8.30க்குப் பரீட்சை தொடங்கிவிட்டது. 9.47க்குத் தீ மணி அடிக்கிறது. பிள்ளை ஒரு கணக்கின் பாதியில் இருக்கிறது. எழுதிய தாளைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவதா? அந்த வரியை மட்டும் முடித்துவிட்டு எழும்புவதா? வெளியே நிற்கிற நேரம் போனது போனதுதானா? அந்தப் பேப்பரே ரத்தாகிவிடுமா?

திருகோணமலையில் சாதாரண தரமோ உயர்தரமோ எழுதப்போகிற பிள்ளைகளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். பாடத்தில் எந்தக் கேள்வி வரும், எத்தனை புள்ளி என்று சரளமாகச் சொல்கிற பிள்ளைகூட இந்த இடத்தில் தயங்கும். பெற்றோரும் தயங்குவார்கள். சொல்லிக்கொடுக்க யாரும் நினைப்பதில்லை என்பதே காரணம். விஷயம் ஒன்றும் கடினமானதல்ல.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். மணி அடித்ததும் பரீட்சை அந்த இடத்திலேயே நிற்கும். எழுதுவதை நிறுத்த வேண்டும். வினாத்தாளும் விடைத்தாளும் மேசையில் இருக்கும், பிள்ளைகள் பேசாமல் வெளியே போவார்கள். ஆபத்து இல்லை என்று உறுதியானதும் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து எழுதுவார்கள். இடையில் போன நேரம் கடைசியில் அப்படியே கூட்டித் தரப்படும்.

இதில் கடைசி வரிதான் எனக்கு மிக முக்கியம். போன நேரம் திரும்பக் கிடைக்கும் என்று தெரிந்த பிள்ளை மணி கேட்டதும் எழுந்துவிடும். தெரியாத பிள்ளை இன்னும் ஒரு வரி, இன்னும் ஒரு வரி என்று குனிந்தே இருக்கும். நேரத்தைத் திருப்பித் தருகிற விதி புள்ளிகளின் நியாயத்துக்காக எழுதப்பட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பிள்ளையின் உயிரைக் காப்பதும் அதே விதிதான்.

மணியை அடிப்பது யார்?

எங்கள் பக்கத்தில் பெரும்பாலான பாடசாலைகளில் தீ மணி என்று தனியாக ஒன்று இருப்பதில்லை. பாடவேளை மாறும்போது அடிக்கிற அதே மணிதான். அதை விடாமல் தொடர்ந்து அடித்தால் எல்லாரும் வெளியே வரவேண்டும் என்று அர்த்தம். புதிய கட்டிடங்களிலும் சில தனியார் பாடசாலைகளிலும் தானாக அடிக்கிற கருவி இருக்கும். வங்கியிலோ நிலாவெளி ஹோட்டல்களிலோ கூரையில் வெள்ளையாக, வட்டமாக ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் ஒரு சிறு ஒளிக்கதிர் ஓடிக்கொண்டிருக்கும். வழக்கமாக அந்த ஒளி உணர்கருவியின் மேல் படாது. புகைத் துகள்கள் உள்ளே நுழைந்தால் ஒளி சிதறும், சிதறிய ஒளி உணர்கருவியில் பட்டதும் மணி அடிக்கும். அதைத் தவிர, சுவரில் சிவப்புப் பெட்டியாக, யாராவது அழுத்தினால் மணி அடிக்கிற வகையும் உண்டு.

அந்த வெள்ளைக் கருவிக்குப் புகைக்கும் தூசிக்கும் வித்தியாசம் தெரியாது. நீராவி, சிறு பூச்சி, சுண்ணாம்புத் தூசி எல்லாமே ஒளியைச் சிதறடிக்கும். நுளம்புக்கு அடிக்கிற புகையும் அப்படித்தான். 2017ல் கிண்ணியாவில் டெங்கு பரவிய காலத்தை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு பாடசாலைகளில் புகை அடிப்பது வழக்கமான காரியமாகிவிட்டது. மிக நல்ல காரியம்தான், செய்யவும் வேண்டும். ஆனால் தானியங்கிக் கருவி இருக்கிற கட்டிடமென்றால் பரீட்சை நேரத்தில் பக்கத்தில் அடிக்கக்கூடாது. மணியைப் பரிசோதிப்பதும் இப்படித்தான், பரீட்சை இல்லாத நாளுக்குத் தள்ளிவைக்கலாம்.

இதைப் படித்துவிட்டு, “அப்ப பெரும்பாலும் பொய் மணிதானே, எதற்கு எழும்ப வேண்டும்” என்று ஒரு பிள்ளையும் நினைத்துவிடக்கூடாது. மேசையில் இருந்தபடி உண்மை மணியா பொய் மணியா என்று யாராலும் சொல்ல முடியாது. மேற்பார்வையாளராலும் முடியாது. அதனால்தான் எந்த மணியானாலும் உண்மை என்றே எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள்.

2004 ஜூலை 16ஆம் திகதி கும்பகோணத்தில் ஒரு பாடசாலை தீப்பிடித்தது. மதிய உணவு சமைத்த இடத்திலிருந்து கிளம்பிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. மாடியில் இருந்த சின்னப் பிள்ளைகள் இறங்குவதற்கு ஒடுக்கமான படிக்கட்டு. 94 பிள்ளைகள் இறந்தார்கள். தமிழ் பேசுகிற எந்த ஊரிலும் பாடசாலைத் தீ என்றால் நினைவுக்கு வருவது அந்த நாள்தான். அங்கே பிள்ளைகளுக்கு இல்லாமல் போனது வெளியேற வழியும் சில நிமிட அவகாசமும். எங்கள் பிள்ளைகளுக்கு மணி அந்த அவகாசத்தைத் தருகிறது. அதை ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குச் செலவழிக்க யாருக்கும் உரிமை இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தீயில் சுவாலையைவிடப் புகைதான் அதிகம் பேரைக் கொல்கிறது. கண்ணுக்கு நெருப்பு தெரியாத அறைக்குள்ளும் நச்சு வாயு வந்து சேரும். “எங்கட மண்டபத்தில் ஒன்றுமில்லையே” என்பது இருந்துவிடுவதற்குக் காரணமாகாது.

மண்டபத்துக்குள் முதல் இரண்டு நிமிடம்

மணி அடித்ததும் பேசுகிறவர் ஒருவராக இருக்க வேண்டும். எங்கள் பரீட்சைகளில் அது மேற்பார்வையாளர். நோக்குநர்கள் அவருக்கு உதவுவார்கள். “பிள்ளைகள், எழுதுவதை நிப்பாட்டுங்கோ. பேனையை வையுங்கோ. எல்லாத்தையும் மேசையிலேயே விடுங்கோ” என்று அவர் சொன்னதும் பிள்ளை செய்ய வேண்டியதும் அவ்வளவுதான். விடைத்தாளை மூடி அல்லது கவிழ்த்து வைத்துவிட்டு எழும்ப வேண்டும். அனுமதி அட்டை, அடையாள அட்டை, கணிதப் பெட்டி, தண்ணீர்ப் போத்தல் ஒன்றையும் பொறுக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை. வெளியில் வைத்த புத்தகப் பையைத் தொடவே கூடாது. அதற்குள் குறிப்பு இருக்கும், சிலவேளை போனும் இருக்கும்.

விடைத்தாளை ஏன் கையில் கொண்டுபோகக்கூடாது என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. உழைப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது, எரிந்துவிட்டால் என்ன செய்வது? ஆனால் வெளியே தாளோடு நிற்கிற பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்க்கலாம், வேண்டாவிட்டாலும் கண்ணில் படும். காற்றில் ஒரு தாள் பறந்தால் அது யாருடையது என்று தேட வேண்டும். மேசையில் விட்ட தாள் சுட்டெண் வரிசையில் அப்படியே இருக்கும். எல்லாரும் வெளியேறிய பிறகு, பாதுகாப்பாக இருந்தால் மண்டபத்தைப் பூட்டிவிடலாம். எரிந்துபோனால் அதற்கு மாற்று வழி உண்டு, பின்னால் சொல்கிறேன்.

மேற்பார்வையாளர் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டிய ஒரே பொருள் வரவு இடாப்பு. வெளியே போய் எண்ணிப் பார்ப்பதற்கு அது வேண்டும். 38 பேர் எழுதினார்கள், 37 பேர்தான் மைதானத்தில் நிற்கிறார்கள் என்றால் ஒரு பிள்ளை எங்கே? பெரும்பாலும் கழிவறைக்குப் போன பிள்ளையாக இருக்கும். அதனால் மணி அடிக்கும்போது யார் வெளியே போயிருந்தார்கள் என்று நோக்குநருக்கு எப்போதும் நினைவிருக்க வேண்டும். சக்கர நாற்காலியில் வருகிற பிள்ளை, காலில் மாவுக்கட்டோடு வருகிற பிள்ளை, கண் பார்வை குறைந்த பிள்ளை, இவர்களோடு யார் போவது என்பதை முதல் நாளே முடிவு செய்திருக்க வேண்டும். மணி அடித்த பிறகு ஆள் தேடினால் பிந்திவிடும்.

கையில் கடிகாரம் கட்டியிருக்கிற நோக்குநர் ஒரு காரியத்தை மறக்கக்கூடாது. நிறுத்திய நேரத்தை எங்கேயாவது எழுதிவிட வேண்டும், உள்ளங்கையில் எழுதினாலும் சரி. பிறகு வருகிற கணக்கெல்லாம் அந்த எண்ணில் தொங்குகிறது.

வெளியே நிற்கும்போது பேசக்கூடாது

எல்லாவற்றிலும் கடினமான பகுதி இதுதான். பயந்து வெளியே வந்த பிள்ளைகள், பக்கத்தில் நண்பர்கள், தலைக்குமேல் பத்து மணி வெயில். பேசாமல் எப்படி நிற்பது? ஆனாலும் நிற்கத்தான் வேண்டும். மைதானத்திலும் அவர்கள் இன்னும் பரீட்சைக்குள்தான் இருக்கிறார்கள்.

காரணத்தைச் சொன்னால் பிள்ளைகள் விளங்கிக்கொள்வார்கள், வெறுமனே அதட்டுவதால் பயனில்லை. சாதாரண தரம் விஞ்ஞானம் முதலாம் பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். 40 பல்தேர்வு வினாக்கள், ஒரு மணித்தியாலம். அப்படிப்பட்ட பேப்பரில் “பதினேழாவதுக்கு மூன்றா நாலா?” என்று ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் காதில் கேட்க இரண்டு விநாடி போதும். ஒரு மண்டபத்தில் அப்படி நடந்தால், மணி அடிக்காத மண்டபங்களில் நாடு முழுக்க எழுதிக்கொண்டிருக்கிற பிள்ளைகளுக்கு அநியாயம். அதைவிட, அந்த மண்டபத்துப் பிள்ளைகள் எல்லாருடைய விடைத்தாள் மீதும் சந்தேகம் விழும். பேசியது ஒருவர், சந்தேகம் எல்லார்மேலும்.

இங்கிலாந்தில் இதற்கு எழுதப்பட்ட விதி இருக்கிறது. அங்கே பியர்சன், ஏ.கியூ.ஏ, ஓ.சி.ஆர் என்று பல பரீட்சைச் சபைகள். அவை சேர்ந்த ஜே.சி.கியூ என்ற கூட்டமைப்பு ஒவ்வொரு கல்வியாண்டும் பரீட்சை நடத்தும் முறைகளை வெளியிடுகிறது. அவசரமாக வெளியேற வேண்டி வந்தால் என்ன செய்வது என்பது அதில் தெளிவாக இருக்கிறது. எழுதுவதை நிறுத்தச் சொல்லுங்கள், வரவு இடாப்பை எடுங்கள், தாள்கள் மண்டபத்திலேயே இருக்கட்டும், மாணவர்கள் அமைதியாக வெளியேறட்டும், வெளியே பரீட்சையைப் பற்றிப் பேசாதபடி முடிந்தளவு நெருக்கமாகக் கண்காணியுங்கள், நிறுத்திய நேரத்தையும் எவ்வளவு நேரம் நின்றது என்பதையும் குறியுங்கள், முழு நேரத்தையும் கொடுங்கள், நடந்ததை முழுமையாக எழுதிவையுங்கள். லண்டனில் இருக்கிற உங்கள் சொந்தக்காரப் பிள்ளை ஜி.சி.எஸ்.ஈ எழுதுகிறபோது மணி அடித்தால் இதுதான் நடக்கும். மண்டபத்தில் சில பிள்ளைகள் மட்டுமே இருந்தால் தாள்களோடு வேறொரு இடத்துக்குக் கூட்டிப்போய் எழுதி முடிக்க வைப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்றும் அதில் உண்டு.

நம் நாட்டுப் பொதுப் பரீட்சைகளை நடத்துவது பரீட்சைகள் திணைக்களம். 1968ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுப் பரீட்சைகள் சட்டம் இருக்கிறது. மண்டபத்துக்குள் பொறுப்பு மேற்பார்வையாளருடையது, அவருக்கு மேலே திணைக்களம். ஊரில் இருக்கிற யாரும், எவ்வளவு பெரியவராக இருந்தாலும், “பரவாயில்லை, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புங்கோ” என்று இடையில் முடிவெடுக்க முடியாது.

மைதானத்தில் நடைமுறையில் என்ன செய்யலாம்? பரீட்சை எழுதுகிற பிள்ளைகளை மற்ற வகுப்புப் பிள்ளைகளிடமிருந்து தள்ளி நிறுத்த வேண்டும். அந்தப் பக்கத்தில் யாரிடமாவது போன் இருக்கும். கைநீட்டினால் தொடாத தூரத்தில், சுட்டெண் வரிசையில் நின்றால் எண்ணுவதும் சுலபம். மரநிழல் இருந்தால் அங்கே நிறுத்துங்கள். பயத்தில் அழுகிற பிள்ளையோடு நோக்குநர் பேசலாம், ஆறுதல் சொல்லலாம், தண்ணீர் கொடுக்கலாம். பேசக்கூடாது என்பது பேப்பரைப் பற்றியதற்குத்தான். ஆஸ்துமா இருக்கிற பிள்ளைக்கு மூச்சு இழுத்தால் அதைச் சொல்லாமல் நிற்கச் சொல்லி எந்த விதியும் இல்லை.

அப்புறம் பெற்றோர். எங்கள் ஊரில் பெரிய பரீட்சை நாட்களில் பாடசாலை வாசலில் அம்மாமார் நிற்பார்கள், சிலர் பேப்பர் முடியும்வரை நிற்பார்கள். அன்பினால்தான் நிற்கிறார்கள். மணி அடித்துப் பிள்ளைகள் மைதானத்துக்கு வருவதைக் கண்டால் வேலிக்கு ஓடிவந்து பெயர் சொல்லிக் கூப்பிடத்தான் மனம் வரும். தயவுசெய்து கூப்பிடாதீர்கள். “பேப்பர் எப்படி அம்மா?” என்ற ஒரு கேள்விக்குப் பிள்ளை பதில் சொன்னாலே அது வெளியாரோடு தொடர்பு. ரியூசன் சேர் யாராவது பக்கத்தில் நின்றால் இன்னும் சிக்கல். பிள்ளை பத்திரமாக வெளியே வந்துவிட்டது என்று கண்ணால் கண்டீர்கள் அல்லவா? அது போதும். கையைக் காட்டிவிட்டு வாசலிலேயே நில்லுங்கள்.

நேரக் கணக்கு

இப்போது கணக்கைப் பார்ப்போம். மூன்று மணித்தியாலப் பேப்பர், அதோடு மேலதிக வாசிப்பு நேரம் 10 நிமிடம். 8.30க்குத் தொடங்கினால் 11.40க்கு முடியும். 9.47க்கு நிறுத்தினார்கள். வெளியே போய், எண்ணி, கட்டிடத்தைப் பார்த்து, திரும்பி வந்து, எல்லாரும் அமர்ந்து, மேற்பார்வையாளர் “இப்போது எழுதலாம்” என்று சொன்னபோது நேரம் 10.21. போனது 34 நிமிடம். ஆகவே புதிய முடிவு நேரம் 12.14.

பலர் பிழைவிடுகிற இடம் எது தெரியுமா? மணி எவ்வளவு நேரம் அடித்தது என்பதைக் கணக்கில் எடுப்பது. மணி மூன்று நிமிடத்தில் நின்றிருக்கலாம். அது கணக்கே இல்லை. பேனை நின்ற நொடியிலிருந்து பேனை மறுபடி ஓடத்தொடங்கிய நொடிவரை உள்ளதுதான் போன நேரம். நாற்காலியை இழுத்து அமர்ந்த நேரமும், மேற்பார்வையாளர் அறிவித்த நேரமும் அதற்குள் அடங்கும். புதிய முடிவு நேரத்தைக் கரும்பலகையில் பெரிதாக எழுதிவிட வேண்டும். பழைய நேரம் அங்கே இருந்தால் அழித்துவிட வேண்டும். பதற்றத்தில் இருக்கிற பிள்ளை 11.40 என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் அதைத்தான் நம்பும்.

மேலதிக நேரம் அனுமதிக்கப்பட்ட விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்குக் கணக்கு தனி. அவர்களுடைய சொந்த முடிவு நேரத்தோடு அதே 34 நிமிடத்தைக் கூட்ட வேண்டும். ஆங்கிலம் கேட்டல் பகுதி மாதிரி ஒலிப்பதிவு ஓடுகிற பரீட்சை என்றால், தடைப்பட்ட பகுதியை மறுபடி போட்டுக் கேட்க வைப்பதுதான் நியாயம். ஆய்வுகூடத்தில் செய்முறைப் பரீட்சை என்றால் எரிவாயுச் சுடரை அணைத்துவிட்டே வெளியேற வேண்டும்.

அன்று பிற்பகலிலும் ஒரு பேப்பர் இருந்தால் இடைவேளை சுருங்கிவிடும். 12.14க்கு வெளியே வருகிற பிள்ளைக்கு 1 மணிப் பேப்பருக்கு முன் 46 நிமிடம்தான் மிச்சம். வாசலில் நிற்கிற அம்மாமார் உண்மையில் உதவக்கூடிய இடம் இது. சாப்பாட்டுப் பார்சலைத் தயாராக வைத்திருங்கள். காலையில் நடந்ததைப் பற்றி விசாரிக்காமல் முதலில் சாப்பிட வையுங்கள்.

திரும்பி வந்து அமர்ந்த பிள்ளைக்கு ஒரு வார்த்தை. கை நடுங்கும், அது சாதாரணம். உடனே எழுதப் பாயாமல், கடைசியாக எழுதிய இரண்டு மூன்று வரியை வாசித்துப் பாருங்கள். கணக்கென்றால் கடைசிப் படியைச் சரிபாருங்கள். அதற்கு ஒரு நிமிடம் போனால் போகட்டும். விட்ட இடம் மனதில் ஒட்டவில்லை என்றால், தெரிந்த வேறு ஒரு சின்னக் கேள்வியை முதலில் எழுதிவிட்டு அங்கே திரும்பி வரலாம்.

திரும்பி உள்ளே போக முடியாவிட்டால்?

சிலவேளை உண்மையாகவே தீ இருக்கும். அல்லது புகை நாற்றம் போகாது, அல்லது தீயணைப்புப் பிரிவினர் உள்ளே விடமாட்டார்கள். கட்டிடம் பாதுகாப்பானது என்று சொல்கிற அதிகாரம் அவர்களுடையது, அதிபருக்கோ மேற்பார்வையாளருக்கோ அதில் அவசரம் காட்ட இடமில்லை. 110 என்பது தீயணைப்பு இலக்கம், 1990 அம்புலன்ஸ், 119 பொலிஸ்.

அப்போது மூன்று வழி இருக்கிறது. வேறு கட்டிடத்துக்கு மாற்றி அதே அமர்வைத் தொடரலாம், ஆனால் பிள்ளைகள் வழிமுழுக்கக் கண்காணிப்பில் இருக்க வேண்டும். எழுதியவரை உள்ள விடைத்தாளை வைத்து முடிவெடுக்கலாம். அல்லது அந்தப் பாடத்தை இன்னொரு நாள் நடத்தலாம். எதைச் செய்வதென்று திணைக்களம்தான் சொல்லும். தீவு முழுக்க ஒரே வினாத்தாள் என்பதால், ஒரு மண்டபத்துக்கு மட்டும் வேறு நாளில் வைப்பதென்றால் வேறு வினாத்தாள் வேண்டும். அதனால்தான் முடிவு வர நேரம் எடுக்கும், அந்த மௌனத்தைக் கண்டு பேப்பர் போய்விட்டது என்று பெற்றோர் பயப்படத் தேவையில்லை.

பரீட்சை இடையில் நிற்பது எங்கள் மாகாணத்துக்குப் புதிதே இல்லை. நெருப்பைவிடத் தண்ணீர்தான் இங்கே அதிகம் நிறுத்தியிருக்கிறது. உயர்தரப் பரீட்சை நவம்பரில் வந்தால் அது சரியாக வடகீழ் பருவமழைக்குள் விழுகிறது. 2024 நவம்பர் 25ல் தொடங்கிய உயர்தரப் பரீட்சை மூன்றாம் நாளே வெள்ளத்தால் நிறுத்தப்பட்டு டிசம்பர் 4ல் மறுபடி தொடங்கியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும் உயர்தரம் இடையில் நின்றது. இரண்டு தடவையும் மிச்சப் பாடங்களைப் பிறகு நடத்தினார்கள், எந்தப் பிள்ளையின் பேப்பரும் மழையோடு போய்விடவில்லை. மழைக்காலப் பரீட்சைகளுக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையமும் திணைக்களத்தோடு சேர்ந்து வேலை செய்கிறது. அதன் இலக்கம் 117.

கடலோரத்தில் வாழ்கிற எங்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமி வந்தது ஞாயிற்றுக்கிழமை, பாடசாலை இல்லை. 2012 ஏப்ரல் 11ல் சுமாத்திராவுக்கு அருகே 8.6 அளவில் நிலநடுக்கம் வந்தபோது கரையோரத்தில் எல்லாரையும் மேட்டுக்கு ஏறச் சொன்னார்கள். நல்ல வேளையாகப் பெரிய அலை வரவில்லை. தீ மணிக்கும் சுனாமி எச்சரிக்கைக்கும் ஓடுகிற திசை வேறு. தீ என்றால் கட்டிடத்தை விட்டுத் திறந்த வெளிக்கு. சுனாமி என்றால் கடற்கரைப் பக்கத்து மைதானத்தில் கூடுவது ஆபத்து, உவர்மலை மாதிரி உயரமான இடத்துக்கு அல்லது உள்நிலத்துக்குப் போக வேண்டும். கடலைப் பார்த்தபடி விளையாட்டு மைதானம் இருக்கிற பாடசாலைகள் எங்கள் ஊரில் பல. அங்கே இரண்டு வழியையும் பிள்ளைகளுக்குத் தனித்தனியாகக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும், நடந்து பழகியும் இருக்க வேண்டும். பரீட்சை நிலையம் வேறு பாடசாலையில் என்றால், முதல் நாளே போய் வாசல் எது, மைதானம் எது என்று பார்த்துவிட்டு வருவது நல்லது.

பாதிப்புக்குப் புள்ளி உண்டா?

நேரம் திரும்பக் கிடைத்தாலும் மனம் கலைந்தது கலைந்ததுதான். அதற்கு ஏதாவது ஈடு உண்டா என்று கேட்கலாம். இங்கிலாந்து முறையில் உண்டு, ஆனால் மிகச் சிறியது. விசேட பரிசீலனை என்று பாடசாலை விண்ணப்பித்தால், அந்தப் பேப்பரின் மொத்தப் புள்ளியில் அதிகபட்சம் 5 வீதம்வரை சபை கூட்டலாம். அந்த 5 வீதம் மிகப் பெரிய துயரங்களுக்கு. கொஞ்ச நேரத்துக்கு மேல் நீடித்த சத்தத்துக்கு 1 வீதம் என்ற அளவுதான். ஒரு போன் ஒரு தடவை அடித்து ஓய்ந்ததுக்கெல்லாம் ஒன்றும் இல்லை. இந்த வீதங்கள் அந்த நாட்டு முறை, எங்கள் சாதாரண தரத்துக்கும் இது இருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

எல்லா முறையிலும் பொதுவானது எழுத்தில் இருக்கிற அறிக்கை. எப்போது நின்றது, எப்போது தொடர்ந்தது, வெளியே யார் கண்காணித்தார்கள், யாராவது சுகவீனமானார்களா, புதிய முடிவு நேரம் என்ன, இவற்றை மேற்பார்வையாளர் அன்றே எழுத வேண்டும். பிறகு யாராவது “அந்த மண்டபத்தில் பிள்ளைகள் பேசிப் பேசி எழுதினவை” என்று கதை கட்டினால் பிள்ளைகளைக் காப்பது அந்தத் தாள்தான்.

வேண்டுமென்றே மணியை அடித்து விளையாடுகிற பிள்ளைகள் எங்கேயும் இருக்கலாம். படிக்காமல் வந்த ஒருவனுக்கு அது ஒரு யோசனையாகத் தோன்றும். பரீட்சையைக் குழப்புவது ஒழுங்கீனம், பெறுபேறையே இழக்க நேரலாம். அதோடு, அடுத்த தடவை உண்மையாக மணி அடிக்கும்போது மற்றப் பிள்ளைகள் எழும்பத் தயங்குவார்கள். எனக்கு அதுதான் பெரிய குற்றமாகத் தெரிகிறது.

உங்கள் பிள்ளையின் நேரம் சரியாகத் திரும்பக் கொடுக்கப்படவில்லை என்று தோன்றினால், நல்லது மண்டபத்திலேயே கையை உயர்த்திச் சொல்வது. முடிவு நேரம் வருமுன் சொன்னால் அங்கேயே திருத்தலாம். விடைத்தாளைக் கட்டி முத்திரை வைத்த பிறகு அந்த மண்டபத்தில் யாராலும் ஒரு நிமிடம்கூடச் சேர்க்க முடியாது. சொல்லியும் பயனில்லை என்றால் பாடம், சுட்டெண், நிலையத்தின் பெயர், நிறுத்திய நேரம், தொடர்ந்த நேரம், தாள் வாங்கிய நேரம் இவ்வளவையும் அன்றே எழுதி அதிபரிடம் கொடுங்கள். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதுகிறவருக்கு அதிபர் இல்லை. அவர் நேரடியாகத் திணைக்களத்தின் 1911 இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லிவிட்டு, அதே விவரங்களைக் கடிதமாகவும் அனுப்பலாம்.